மூன்று கிலோகலோரி: பி53 புரதமும் புற்றுநோயும்



அழைப்பிதழில் ‘மரபணுப் பிறழ்வுகளும் புரதங்களின் நிலைத்தன்மையும்’ என்று அகலமான தலைப்பு அச்சாகியிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் அத்தனையும் பேசப் போனால் எதுவும் மனத்தில் தங்காது. ஆகவே ஒரே ஒரு புரதத்தை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் பி53. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இதன் மரபணு பிறழ்ந்திருக்கிறது. வேறெந்த மரபணுவும் இவ்வளவு அடி வாங்குவதில்லை.

பிறழ்ந்திருக்கிறது என்றால் அந்தப் புரதத்துக்கு உண்மையில் என்ன நேர்ந்தது, எவ்வளவு நேர்ந்தது? இதைத்தான் இன்று கேட்கப் போகிறேன். மருத்துவமனை அறிக்கையில் ‘பி53 பிறழ்வு உண்டு’ என்று ஒரு வரி வரும். நோயாளியின் வீட்டார் அதைப் படித்துவிட்டு, உள்ளே ஏதோ ஒன்று சுக்குநூறாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். சோதனைச்சாலையில் அளந்து பார்த்தால் பல பேரிடம் அந்தச் சேதம் மூன்று நான்கு கிலோகலோரிக்கு மேல் இராது. அந்தச் சின்ன எண்ணுக்குள்தான் இந்தப் புரதத்தின் நாற்பது ஆண்டுக் குழப்பமும், இன்று எழுந்திருக்கும் நம்பிக்கையும் இருக்கின்றன.

முதலில் அடிப்படை. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. பி53-இல் 393 அமிலங்கள் உண்டு. சங்கிலியாகவே கிடந்தால் அதற்கு வேலை எதுவும் இல்லை. தனக்கென்று உள்ள வடிவத்தில் மடிந்தால்தான் உண்டு. எப்படி மடிவது என்ற தகவல் சங்கிலியின் வரிசையிலேயே அடங்கியிருக்கிறது என்று காட்டியவர் அமெரிக்காவின் கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன். 1972-இல் நோபல் பரிசு பெற்றார். மடியும்போது சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் திரும்ப முடியும், எதில் முடியாது என்பதை 1963-இல் படமாகப் போட்டுத் தந்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவர். இன்றும் உலகில் யார் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்தாலும் அந்தப் படத்தோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் வெளியிடுகிறார்கள். அதில் கிளைசினுக்கு மட்டும் தனிச் சலுகை உண்டு. பக்கக் கிளை இல்லாத அமிலம் அது. மற்றவை நுழைய முடியாத கோணங்களிலும் வளைந்து கொடுக்கும். பி53-இல் 245-ஆம் இடத்தில் இருப்பது கிளைசின்தான். அந்த இடத்தில் செரின் வந்து உட்கார்ந்தால் புரதத்தின் உறுதி ஒரு கிலோகலோரி அளவுக்குக் குறைகிறது. புற்றுக் கட்டிகளில் அடிக்கடி காணப்படும் பிறழ்வுகளில் அது ஒன்று.

இந்தக் கிலோகலோரி எதை அளக்கிறது? மடிந்த நிலையையும் அவிழ்ந்த நிலையையும் பிரிக்கும் ஆற்றல் வேறுபாட்டை. ஒரு புரதத்துக்குள் ஆயிரக்கணக்கான சிறு ஈர்ப்புகள் அதைச் சேர்த்துப் பிடிக்கின்றன. அவிழ்ந்தால் கிடைக்கும் சுதந்திரம் கிட்டத்தட்ட அதே பலத்தோடு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. இரண்டையும் கழித்துவிட்டு மிஞ்சுவது, பெரும்பாலான புரதங்களில், மோலுக்கு 5 முதல் 15 கிலோகலோரிதான். வரவும் செலவும் கோடிக்கணக்கில், கையிருப்போ சில்லறை. முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு இறுகுவது இந்தச் சில்லறை தீர்ந்துபோவதால்தான்.

பி53-இன் கையிருப்பு இன்னும் குறைவு. கேம்பிரிட்ஜில் ஆலன் ஃபெர்ஷ்டின் குழுவினர் 1990-களின் பிற்பகுதியிலிருந்து இதை விடாமல் அளந்திருக்கிறார்கள். டிஎன்ஏவைப் பற்றும் நடுப்பகுதியைத் தனியே எடுத்துச் சூடேற்றினால் 44, 45 டிகிரி செல்சியஸிலேயே உருகி அவிழ்கிறது. இங்கே கவனியுங்கள், பிறழ்வு இல்லாத, நல்ல பி53-ஐப் பற்றித்தான் சொல்கிறேன். 37 டிகிரியில் அதன் கையிருப்பு சுமார் 3 கிலோகலோரி. அந்த வெப்பநிலையில் சோதனைக் குழாயில் வைத்தால், நடுப்பகுதி அவிழ்வதன் அரையாயுள் 9 நிமிடம். நம் உடம்பின் வெப்பத்திலேயே தள்ளாடி நிற்கும் புரதம் அது.

இனி ஒரு கணக்கு. மாணவர்கள் வீட்டில் போட்டுச் சரிபார்க்கலாம். உடல் வெப்பநிலையில் 1.4 கிலோகலோரி என்பது பத்து மடங்கு வித்தியாசம். 3 கிலோகலோரி கையிருப்பு இருந்தால், அவிழ்ந்த மூலக்கூறு ஒன்றுக்கு மடிந்தவை ஏறக்குறைய 130 இருக்கும். ஒரு பிறழ்வு வந்து 3 கிலோகலோரியைத் தின்றுவிட்டால் பாதிக்குப் பாதி. 4 போய்விட்டால் ஆறில் ஐந்து அவிழ்ந்து கிடக்கும். இடையில் நடந்த இழப்பு ஓரிரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளின் ஆற்றல் அளவுதான். விளைவோ செல்லின் காவலையே எடுத்துவிடுகிறது.

காவல் என்றேன். டிஎன்ஏவுக்குச் சேதம் நேரும்போது செல்லில் பி53 பெருகுகிறது; நான்கு நான்காகச் சேர்ந்து டிஎன்ஏவைப் பற்றிக்கொண்டு சில மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. செல் பிரிவது நிற்கிறது. சேதத்தைச் சரிசெய்ய முடியாவிட்டால் செல் தன்னை முடித்துக்கொள்கிறது. பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான், இதற்கு மேல் விரிக்கவில்லை.

பாடப்புத்தகம் சொல்லாத கதை ஒன்று உண்டு. கண்டுபிடித்த பிறகு முதல் பத்தாண்டு இந்தப் புரதத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். 1979-இல் லண்டனில் டேவிட் லேனும் லயனல் கிராஃபோர்டும், பிரின்ஸ்டனில் ஆர்னால்ட் லெவினின் குழுவும், இன்னும் சிலரும், கட்டி உண்டாக்கும் ஒரு குரங்கு வைரஸின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் செல் புரதம் ஒன்றைக் கண்டார்கள். ஜெல்லில் ஓடவிட்டபோது எடை 53 ஆயிரம் டால்டன் என்று காட்டியதால் அந்தப் பெயர் நின்றுவிட்டது. உண்மையான எடை 44 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு. பெயரே தப்புக் கணக்கில் வந்த புரதம்! கட்டிகளில் இது மிகுதியாக இருந்தது. 1984-இல், இதன் மரபணுவை ராஸ் என்னும் புற்றுமரபணுவோடு சேர்த்துச் செல்களுக்குள் செலுத்தியபோது அவை கட்டிச் செல்களாக மாறின. ஆகவே இது புற்றை உண்டாக்கும் மரபணு என்றே எழுதினார்கள். 1989-இல் பால்டிமோரில் பெர்ட் வோகல்ஸ்டைனின் குழு பெருங்குடல் கட்டிகளில் இந்த மரபணு அழிந்தும் பிறழ்ந்தும் இருப்பதைக் கண்டது. லெவினின் குழு நல்ல பி53 கட்டியை அடக்குவதைக் காட்டியது. அதற்குப் பிறகுதான், முன்பு சோதனைச்சாலைகளில் கைமாறிக்கொண்டிருந்த மரபணுப் பிரதிகள் பலவும் பிறழ்ந்தவை என்பது தெரியவந்தது. கட்டிச் செல்லிலிருந்து எடுத்த பிரதியை நல்லது என்று நம்பிவிட்டார்கள்.

அந்தப் பிரதிகளில் ஒன்றை வைத்து இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் மோஷே ஓரெனின் குழு 1990-இல் செய்த சோதனை, என் கணக்கில், இந்தத் துறையிலேயே அழகானது. எலியின் பி53, 135-ஆம் இடத்தில் அலனினுக்குப் பதில் வேலின். இந்த மரபணுவை ஏற்றிய செல்களை இரண்டு வளர்ப்புப் பெட்டிகளில் வைத்தார்கள். ஒன்று 37.5 டிகிரி, இன்னொன்று 32.5 டிகிரி. 37.5-இல் செல்கள் கட்டிச் செல்களைப் போல் கட்டுக்கடங்காமல் வளர்ந்தன. 32.5-இல் வளர்ச்சி நின்றுவிட்டது. மரபணுவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது ஐந்து டிகிரி மட்டும். குளிர்ந்த பெட்டியில் அந்தப் புரதம் சரியாக மடிந்து காவல் வேலையைப் பார்த்தது. வெப்பமான பெட்டியில் நிலை தவறியது. பிறழ்வு இந்தப் புரதத்தை உடைக்கவில்லை, அது தாங்கக்கூடிய வெப்பத்தைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டது. நோயாளியை 32 டிகிரியில் வைக்க முடியாது, அவ்வளவுதான்.

1994-இல் நியூயார்க்கில் நிக்கோலா பாவ்லெடிச்சின் குழு, பி53-இன் நடுப்பகுதி டிஎன்ஏவைப் பற்றியிருக்கும் படிக அமைப்பை வெளியிட்டது. அதில் பார்த்தால், கட்டிகளில் அடிக்கடி வரும் பிறழ்வுகள் இரண்டு தினுசாகப் பிரிகின்றன. 248, 273 ஆகிய இடங்களில் உள்ள ஆர்ஜினின்கள் டிஎன்ஏவை நேரே தொடுகின்றன. 273-இல் ஹிஸ்டிடின் வந்தால் புரதத்தின் மடிப்புக்கு ஏறக்குறைய ஒன்றும் ஆவதில்லை. பிடிக்க வேண்டிய கை மட்டும் போய்விடுகிறது. 175, 249, 282 ஆகியவை வேறு வகை. இவற்றின் வேலை தொடுவதன்று, தொடும் பகுதியை நிமிர்த்திப் பிடிப்பது. 175-இல் உள்ள ஆர்ஜினினுக்குப் பக்கத்தில் ஒரு துத்தநாக அணு இருக்கிறது. மூன்று சிஸ்டீன்களும் ஒரு ஹிஸ்டிடினும் அதைப் பிடித்திருக்கின்றன. ஆர்ஜினின் ஹிஸ்டிடினாக மாறினால் அந்தப் பிடி தளர்கிறது, துத்தநாகம் நழுவுகிறது, சுற்றியுள்ள வளையம் குலைகிறது. 220-ஆம் இடம் இன்னும் விசித்திரம். டிஎன்ஏவுக்கு எட்டாத தூரத்தில், புரதத்தின் மறுபுறத்தில் இருக்கிறது. அங்கே டைரோசின் போய்ச் சிஸ்டீன் வந்தால் டைரோசினின் பெரிய வளையம் இருந்த இடம் காலியாகி, மேற்பரப்பில் ஒரு பொந்து விழுகிறது. நான் முன்பு சொன்ன 4 கிலோகலோரி இழப்பு இதற்குத்தான். இந்தப் பொந்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

மடிந்ததையும் குலைந்ததையும் செல்லுக்குள் எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்று மாணவர்கள் கேட்பார்கள். அதற்கென்றே இரண்டு ஆன்டிபாடிகள் உண்டு. 1620 என்ற எண் கொண்டது மடிந்த பி53-ஐ மட்டும் பற்றும். 240 என்ற எண் கொண்டது பற்றும் இடமோ, நல்ல பி53-இல் உள்ளே புதைந்து கிடக்கிறது. புரதம் அவிழ்ந்தால்தான் வெளியே தெரியும். ஒரே செல் சாற்றில் இரண்டையும் போட்டுப் பார்த்தால், எந்தப் பிறழ்வு எவ்வளவு குலைத்திருக்கிறது என்பது வெளிச்சமாகிவிடும்.

இதில் இன்னொரு சங்கடம். பி53 நான்கு சேர்ந்துதான் வேலை செய்யும் என்றேன். நாலு பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் கால் இடறினாலே பல்லக்கு சாய்ந்துவிடுகிறது. ஆகவே தாய்வழியாகவோ தந்தைவழியாகவோ வந்த ஒரு பிரதி மட்டும் பிறழ்ந்திருந்தாலும், அதன் புரதம் நல்ல பிரதியின் புரதத்தோடு கூட்டுச் சேர்ந்து அதையும் முடக்குகிறது.

இனி வருவது, முதன்முறை கேட்பவர்களைத் தடுமாற வைக்கும் இடம். பி53 உறுதி குறைந்து அவிழ்கிறது என்கிறேன். அப்படியானால் செல் அதைச் சீக்கிரம் அழித்துவிட வேண்டும், கட்டியில் பி53 குறைவாக இருக்க வேண்டும். நடப்பது நேர் எதிர். சினைப்பையில் வரும் வீரியமிக்க சீரஸ் வகைப் புற்றுநோயில் நூற்றுக்கு 95-க்கும் மேல் இந்த மரபணு பிறழ்ந்திருக்கிறது. அந்தக் கட்டியின் சீவல் ஒன்றைப் பி53 சாயம் போட்டு நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். கட்டிச் செல்களின் உட்கருக்கள் ஒன்று விடாமல் காப்பிக்கொட்டை நிறத்தில் கருத்திருக்கும். இடையிடையே உள்ள சாதாரணச் செல்களில் சாயம் அங்கொன்றும் இங்கொன்றுமாக, வெளிறி இருக்கும். சில கட்டிகளில் இதற்கு மாறாக, கட்டிச் செல்கள் முழுக்க வெறுமை. நடுவில் உள்ள சாதாரணச் செல்கள் மட்டும் லேசாகப் பழுப்பு. இந்த இரண்டாவது வகையில் மரபணு பாதியில் அறுந்து, பெரும்பாலும் புரதமே உருவாகவில்லை. முதல் வகையில் ஓர் எழுத்து மாறி, குலைந்த புரதம் குவிந்து கிடக்கிறது. நோய்க்குறியியல் மருத்துவர்கள் இரண்டையுமே பிறழ்வின் அடையாளமாகக் கொள்கிறார்கள். வெற்றாக இருக்கும் சீவலைப் பார்த்து ‘பி53 இல்லை, நல்லதுதான்’ என்று புதிதாக வந்த மாணவர் சொல்லிவிடக்கூடும். பக்கத்துச் சாதாரணச் செல்லில் பழுப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது அதனால்தான்.

குலைந்தது ஏன் குவிகிறது? நல்ல செல்லில் பி53 பிறந்த 20 நிமிடத்துக்குள் பாதி அழிந்துவிடும். எம்டிஎம்2 என்னும் புரதம் அதற்கு யுபிக்விட்டின் என்ற சீட்டை ஒட்டுகிறது. சீட்டு ஒட்டியதைப் புரோட்டியசோம் அரைத்துவிடுகிறது. இந்த எம்டிஎம்2-ஐ உண்டாக்கும் மரபணுவை முடுக்குவதும் பி53-தான். தன்னை அழிப்பவனைத் தானே வரவழைக்கும் ஏற்பாடு. பிறழ்ந்த பி53-ஆல் டிஎன்ஏவைப் பற்ற முடியாது. எம்டிஎம்2 போதுமான அளவு உருவாகாது. ஆகவே அழிவு குறைகிறது. நெடுநாள் இவ்வளவுதான் காரணம் என்று நினைத்தோம். 2004-இல் 175-க்கு நிகரான பிறழ்வைப் பிறவியிலேயே கொண்ட எலிகளை வளர்த்துப் பார்த்தபோது, அவற்றின் சாதாரணத் திசுக்களில் பி53 குவியவில்லை, கட்டிகளில்தான் குவிந்தது. எனவே பிறழ்வு மட்டும் போதாது, கட்டிச் செல்லின் சூழலும் கைகொடுக்க வேண்டும். எச்எஸ்பி90 என்னும் துணைப் புரதம் அங்கே முக்கியமான ஆள். அவிழ்ந்து தடுமாறும் புரதங்களைத் தாங்கிப் பிடிப்பது அதன் தொழில். கட்டிச் செல்லில் அது மும்முரமாக வேலை செய்து, பிறழ்ந்த பி53-ஐப் பிடித்து வைத்துக்கொண்டு எம்டிஎம்2-ஐ நெருங்கவிடுவதில்லை.

ஆக, மடிப்பின் உறுதி வேறு. செல்லுக்குள் வாழும் நேரம் வேறு. பி53-இல் ஒன்று குறையும்போது மற்றது கூடுகிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு எழுதப்பட்ட கட்டுரைகள் இன்றும் வருகின்றன. படிக்கும் மாணவர்கள் எச்சரிக்கையாக இருங்கள். வாழும் நேரம் மட்டுமே மாறும் பிறழ்வுகளும் உண்டு. பீட்டா கட்டெனின் என்ற புரதத்தின் முனையில் 33, 37, 41, 45 ஆகிய நான்கு இடங்களில்தான் அழிவுச் சீட்டுக்கு வழிகாட்டும் பாஸ்பேட் ஏறுகிறது. குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் கட்டியான ஹெப்பட்டோபிளாஸ்டோமாவில் இந்தப் பகுதி மாறியோ அறுந்தோ இருக்கும். புரதத்தின் மடிப்புக்குச் சேதமில்லை. சீட்டு ஒட்ட இடமில்லாமல் போய், அழியாமல் தங்கிச் செல்லைப் பிரியச் சொல்லித் தூண்டிக்கொண்டே இருக்கிறது.

பி53 பிறழ்வுகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பகுதி தானாக வருவதுதான். 175, 248, 273, 282 ஆகிய இடங்களின் குறியீட்டில் சைட்டோசினை அடுத்துக் குவானின் வருகிறது. அத்தகைய சைட்டோசினில் மீத்தைல் ஏறியிருக்கும். அது காலப்போக்கில் வேதிமாற்றம் அடைந்து தைமினாகிவிடும். யாருடைய பழக்கவழக்கத்தின் மேலும் பழி போட முடியாத மாற்றம் இது. ஆனால் 249 அப்படியன்று. சீனாவின் சிடோங் பகுதியில் கல்லீரல் புற்றுநோய் மிகுதி. அங்கே மக்கள் உண்ட மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்து அஃப்லடாக்சின் இருந்தது. 1991-இல் அங்கிருந்து எடுத்த 16 கட்டிகளைச் சோதித்தபோது 8-இல், 249-ஆம் குறியீட்டின் மூன்றாம் எழுத்தான குவானின் மாறியிருந்தது; அவற்றில் 7-இல் அது தைமினாகியிருந்தது. அதே நேரத்தில் தென் ஆப்பிரிக்கப் பகுதியின் கட்டிகளிலும் இதே மாற்றம் தெரிந்தது. அஃப்லடாக்சின் மரபணுவில் பல குவானின்களைத் தாக்கும். ஆனால் ஆர்ஜினினைச் செரினாக்கி, 2 கிலோகலோரி உறுதியைப் பறித்து, டிஎன்ஏ தொடும் வளையத்தைத் தளர்த்தும் மாற்றம் பெற்ற செல்தான் மற்றவற்றை முந்திப் பெருகிக் கட்டியாகிறது. பூஞ்சையின் நச்சு வேதியியலும் புரத மடிப்பின் இயற்பியலும் ஒரே எழுத்தில் வந்து சந்திக்கின்றன.

இன்னோர் ஊரையும் சொல்ல வேண்டும். பிரேசிலின் தென்பகுதியில், பரானா, சாவோ பாவ்லோ மாநிலங்களில், குழந்தைகளுக்கு அட்ரினல் சுரப்பியின் புறணியில் வரும் கட்டி உலகின் மற்ற இடங்களைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு அதிகம். 2001-இல் வெளிவந்த ஆய்வில் 36 குழந்தைகளில் 35 பேரிடம் ஒரே பிறவிப் பிறழ்வு இருந்தது: 337-ஆம் இடத்து ஆர்ஜினின் ஹிஸ்டிடினாகியிருந்தது. எல்லோருக்கும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தது என்று பின்னர் தெரிந்தது. பொதுவாகப் பிறவியிலேயே பி53 பிறழ்ந்த குடும்பங்களில் லி-ஃபிராமேனி நோய்க்கூட்டு வரும். மார்பகம், எலும்பு, மூளை, இரத்தம் என்று இளவயதிலேயே பலவகைப் புற்றுகள் அந்தக் குடும்பத்தைத் துரத்தும். பிரேசில் குடும்பங்கள் பலவற்றில் அந்த வரலாறே தென்படவில்லை. பெற்றோர் பலர் ஆரோக்கியமாக இருந்தார்கள்.

ஏன் இந்த மென்மை? 337-ஆம் இடம் டிஎன்ஏ பற்றும் நடுப்பகுதியில் இல்லை, நான்கும் கூடிச் சேரும் பகுதியில் இருக்கிறது. அங்கே உள்ள ஆர்ஜினின் நேர்மின்னூட்டம் கொண்டது. பக்கத்து மூலக்கூறின் 352-ஆம் இடத்தில் உள்ள ஆஸ்பார்டிக் அமிலத்தின் எதிர்மின்னூட்டத்தைப் பற்றிக்கொள்கிறது. ஹிஸ்டிடினிலும் நேர்மின்னூட்டம் இருக்க முடியும், சூழல் சற்று அமிலத்தன்மையோடு இருந்தால். சூழல் சற்றே காரமாகத் திரும்பினால் ஹிஸ்டிடின் மின்னூட்டத்தை இழந்துவிடும், பிடி விட்டுப்போகும், நால்வர் கூட்டு கலையும். அதாவது இந்தப் பிறழ்வின் கேடு செல்லின் அமில-கார நிலையைப் பொறுத்துக் கூடிக் குறைகிறது. 2002-இல் இதை அளந்து காட்டினார்கள். குழந்தையின் அட்ரினல் திசுவில்தான் இந்தக் கூட்டு கலைவதற்கு வாய்ப்பான சூழல் அமைகிறது என்பது அவர்கள் வைத்த விளக்கம். பின்னர் பரானா மாநிலத்தில் 1,70,000-க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளுக்கு இந்த ஒரு எழுத்து மட்டும் சோதிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 குழந்தைகளுக்கு ஒன்றிடம் பிறழ்வு இருந்தது. தொடர்ந்து கண்காணித்த குழந்தைகளில் கட்டி, அறுவை சிகிச்சையிலேயே தீரக்கூடிய தொடக்க நிலையில் பிடிபட்டது. ‘பி53 பிறவிப் பிறழ்வு’ என்ற ஒரே தலைப்பின்கீழ் இந்தக் குழந்தைகளையும் லி-ஃபிராமேனி குடும்பத்தாரையும் சேர்த்து எழுதினால் இரண்டு சாராருக்கும் அநியாயம்.

சரி, கேடு சிறியது என்றால் திருத்த முடியுமா? முடியும் என்பதற்கு முதல் சான்று மரபணுவுக்குள்ளேயே கிடைத்தது. ஒரு பிறழ்வால் குலைந்த பி53-இல் வேறோர் இடத்தில் இரண்டாவது மாற்றம் செய்தால் முதல் கேடு நீங்குவதை 1998-இல் ஈஸ்ட் செல்களை வைத்துக் கண்டார்கள். 239-இல் அஸ்பராஜினுக்குப் பதில் டைரோசின் என்பது அப்படி ஒன்று. ஃபெர்ஷ்டின் குழு நான்கு மாற்றங்களைச் சேர்த்து, இயற்கை பி53-ஐவிட 2.6 கிலோகலோரி உறுதியான ஒன்றை உருவாக்கியது. அதுவும் டிஎன்ஏவைப் பற்றுகிறது. பி53-இன் உறவுப் புரதங்களான பி63-உம் பி73-உம் இயற்கையிலேயே பத்து டிகிரிக்கும் மேல் அதிக வெப்பம் தாங்குகின்றன. ஆகவே பி53-இன் பலவீனம் இயற்பியல் விதித்த தலைவிதி அன்று. நிமிடக் கணக்கில் வந்து போக வேண்டிய புரதம் கெட்டிப்பட்டிருக்கத் தேவையில்லை என்று பரிணாமம் விட்டுவிட்டது என்றே நான் எண்ணுகிறேன்.

நோயாளியின் எல்லாச் செல்களிலும் இரண்டாவது மாற்றத்தைப் புகுத்த முடியாது. ஆனால் 220-ஆம் இடத்துப் பொந்து இருக்கிறதே, அதில் ஒரு சிறு மூலக்கூறை அடைத்தால்? 2008-இல் ஃபெர்ஷ்டின் குழு கார்பசோல் வகை மூலக்கூறு ஒன்றைக் கண்டது. பொந்தில் போய் உட்கார்ந்து, உருகும் வெப்பநிலையை ஏறத்தாழ இரண்டு டிகிரி உயர்த்தியது. பிடி பலவீனம், மருந்தாக எந்தப் பயனும் இல்லை. ஆனால் வழி சரி என்று காட்டியது. மடிந்த நிலையோடு மட்டும் ஒட்டும் எதுவும் தராசை மடிந்த பக்கம் சாய்க்கும். மந்திரம் ஒன்றும் இல்லை, நான் முன்பு போட்ட கணக்குதான். அந்த வழியில் பலரும் முயன்றதன் தொடர்ச்சியாக, லெவின் நிறுவனர்களில் ஒருவராக இருந்து தொடங்கிய அமெரிக்க நிறுவனம் ரெசடாபாப்ட் என்ற மாத்திரையை உருவாக்கி மனிதர்களில் சோதித்துவருகிறது. சில நோயாளிகளுக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியிருக்கிறது. நினைவில் வையுங்கள், இது 220-இல் டைரோசின் சிஸ்டீனாகிய கட்டிகளுக்கு மட்டும்தான். எல்லாப் புற்றுநோயாளிகளிலும் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர். அவர்களிலும் ராஸ் குடும்பத்துக் கேராஸ் மரபணு பிறழாமல் இருப்பவர்களையே சோதனையில் சேர்க்கிறார்கள். ‘பி53 பிறழ்வு உண்டு’ என்று மட்டும் எழுதிய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஒருவரைக் கண்டுபிடிக்க முடியாது. எந்த இடம், எந்த எழுத்து என்று எழுத வேண்டும். நம் ஆய்வகங்களிடமும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாப் பிறழ்வுக்கும் ஒரே மருந்து என்று புறப்பட்டவர்களும் உண்டு. எப்ரெனெடபாப்ட் என்ற மருந்து பெரிய எதிர்பார்ப்போடு வந்து, இரத்த உற்பத்திக் கோளாறு ஒன்றுக்கான மூன்றாம் கட்டச் சோதனையில் 2020 இறுதியில் தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. 273-ஐயும் 175-ஐயும் ஒரே கையால் தூக்கிவிட முடியும் என்ற எண்ணத்தில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை. மடிப்புக்கே சேதமில்லாத புரதத்தை மடித்துக் கொடுத்து என்ன பயன்? ஷாங்காயில் மின் லூவின் குழு 2021-இல் காட்டிய வழி இதைவிட நிதானமானது. ஒருவகை இரத்தப் புற்றுக்கு ஏற்கெனவே மருந்தாக இருக்கும் ஆர்சனிக் டிரையாக்சைடின் ஆர்சனிக் அணு, பி53-இன் மூன்று சிஸ்டீன்களுக்கு நடுவே புகுந்து, குலைந்த வகைப் பிறழ்வுகள் பலவற்றை நிமிர்த்துகிறது. டிஎன்ஏவைத் தொடும் இடம் போன வகைக்கு அது உதவாது.

பி53 பிறழ்வுகளில் எண்ணிக்கையில் முதலிடம் 175-க்குத்தான். அதற்குப் பொந்து இல்லை, நழுவிப்போனது துத்தநாகம். ஆகவே துத்தநாகத்தைச் சுமந்து சென்று செல்லுக்குள் இறக்கும் மூலக்கூறுகளை நியூ ஜெர்சியில் 2012 முதல் சோதித்தார்கள். எலிகளில் கட்டி சிறுத்தது. வோகல்ஸ்டைனின் குழு வேறு பக்கம் திரும்பியது. பிறழ்ந்த பி53 எப்படியும் ஒருநாள் அரைபடும், அரைபட்ட துணுக்குகளில் 175-ஐத் தாங்கிய ஒன்பது அமிலத் துண்டு ஒன்று செல்லின் மேற்பரப்பில் காட்சிக்கு வரும். அதை மட்டும் அடையாளம் கண்டு, இன்னொரு கையால் டி செல்லை இழுத்துவரும் ஆன்டிபாடியை 2021-இல் செய்தார்கள். அந்தத் துண்டு மேற்பரப்பில் இருப்பதோ செல்லுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. அதுவும் குறிப்பிட்ட திசுவகை உடையவர்களிடம் மட்டும். எலிகளில் வேலை செய்தது. 175 பிறழ்ந்த நோயாளிக்கென்று மருந்துக்கடையில் இன்று ஒன்றும் இல்லை.